பெருக்காத வியாழக்கிழமை

ஒரு வியாழக்கிழமை காலையில், சங்குகுளித் தெரு ஜெர்மானாவின் ஒரே மகன் கிளாட்வின், பாதி குடித்த காப்பித் தம்ளரைச் சாப்பாட்டு மேசைமேல் அப்படியே வைத்துவிட்டு, வெளியே வேன்காரன் ஹாரனை அமுக்கி உயிரை எடுத்ததால் அம்மாவுக்கு ஒரு முத்தம்கூட உருப்படியாகக் கொடுக்காமல், ஸ்பெயின் தேசத்து மீன்பிடிக் கப்பலில் ஏறுவதற்காகப் படியிறங்கினான்; பயணம் போனவன் தன் வாயால் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லுகிற வரைக்கும் வீட்டைப் பெருக்கக் கூடாது என்பது தூத்துக்குடியின் அந்தத் தெருவில் ஞானஸ்நானத்துக்கு அடுத்தபடியான சட்டம் என்பதால், ஜெர்மானா வாரியலைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள்; போன் வரவில்லை; ஆகவே அந்த வியாழக்கிழமை முடியவில்லை.

முதலில் அதைக் கவனித்தவர் அவள் புருஷன் தொபியாஸ். துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கட்டி இழுக்கிற இழுவைப் படகை ஓட்டுகிற அவர், இருட்டும்வரை வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசல்படிக்கு இந்தப் பக்கம் தெருவிளக்கும் அந்தப் பக்கம் காலை வெயிலுமாக இருந்தது. சன்னல் வழியே விழுந்த வெளிச்சம் கிளாட்வின் உட்கார்ந்திருந்த நாற்காலியின் இடது கையில் கிடந்தது, அங்கேயே கிடந்தது. தினசரி கேலண்டரில் வியாழனைக் கிழித்தால் அடியில் இன்னொரு வியாழன் இருந்தது. அடுப்பில் சீலா மீன் குழம்பு அப்போதுதான் இறக்கின மாதிரி மணத்தது. மகனுக்கும் அவனுடைய ஸ்பெயின்காரப் பெண்டாட்டிக்கும் என்று மக்ரூன் பொட்டலம் கட்டியபோது சிந்திய தூளைத் தேடிப் புறப்பட்ட எறும்புச் சாரை, தரையில் பாதி வழியில் நடந்துகொண்டே இருந்தது, போய்ச் சேரவே இல்லை.

"ஏட்டி, இந்தக் காப்பி இன்னும் சுடுது," என்றார் தொபியாஸ், தம்ளரைத் தொட்டுவிட்டு.

"சுட்டா சுட்டுட்டுப் போவுது. உங்களுக்குப் போட்டதில்ல அது. கைய எடுங்க."

அவர் எடுத்துவிட்டார். முப்பது வருஷம் பெரிய கப்பல்களை இழுத்துப் பழகியவர் என்றாலும் ஜெர்மானாவை ஓர் அங்குலம் நகர்த்திப் பார்த்தவர் இல்லை.

பிறகு செய்தி வந்தது. வடக்கே, உறைபனிக் காற்றடிக்கிற கடலில் கப்பல் கவிழ்ந்தது, சிலருடைய உடல்கள் கிடைத்தன, கிளாட்வினுடையது கிடைக்கவில்லை என்று பங்குச் சாமியார் வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஜெர்மானா முழுவதையும் கேட்டாள். "சரி சாமி, அவன் போய்ச் சேர்ந்துட்டு போன் பண்ணட்டும், பேசிக்கிடுவோம்," என்றாள். பேருந்து இரண்டு நிமிஷம் தாமதித்தால் கண்டக்டரின் ஏழு தலைமுறையையும் விசாரிக்கிற பொம்பளை, குக்கர் விசில் அடிக்குமுன்பே மூடியைத் திறக்கப் பார்க்கிற பொம்பளை, பொறுமை என்ற ஒன்றைக் கான்வென்டில் முட்டிபோட வைத்தும் கற்றுக்கொள்ளாத அந்தப் பொம்பளை, ஒரு போனுக்காக, தரையில் மண் நறநறக்க, தலையணைத் துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு காலை வெயிலில் தூங்கி, காலை வெயிலில் எழுந்து, காத்திருந்தாள்.

தெருவுக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கடலுக்குப் போனவர்களின் வீடுகளில் ஏதாவது ஒன்று நின்றுபோவது அந்தத் தெருவுக்குப் புதிதல்ல. மிராண்டா வீட்டில் ஒரு கடிகாரம், ரோச் வீட்டில் ஒரு வாய். இங்கே ஒரு கிழமை. அவ்வளவுதான். ஆச்சரியப்படுவதற்குப் பதிலாக, இதனால் நமக்கு என்ன லாபம் என்று பார்த்தார்கள். முதலில் அடுத்த வீட்டுக்காரி இட்லி மாவைக் கொண்டுவந்து குசினி மூலையில் வைத்தாள், புளிக்கவில்லை. பிறகு மல்லிகைப்பூ வந்தது, பால் வந்தது, ஐஸ் வைக்காத விளமீன் கூடையோடு வந்தது. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டிய வீட்டுப் பாடங்களோடு பிள்ளைகள் வந்து வரிசையாக உட்கார்ந்து, நிதானமாக, நகத்தைக் கடித்துக்கொண்டு எழுதின. தவசு காலம் வந்ததும் ஆம்பளைகள் கண்டுபிடித்தார்கள்: வெளியே வெள்ளிக்கிழமை, கறி தொடக் கூடாது, ஜெர்மானா வீட்டுக்குள்ளே வியாழன். தூக்குவாளியில் மாட்டுக்கறி வறுவலோடு வந்து, சுவரோரம் உட்கார்ந்து, பாவமே இல்லாமல் தின்றுவிட்டு, வாசல்படி தாண்டுமுன் வாயைக் கொப்பளித்துக்கொண்டு போனார்கள். சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில் இதை வெளுத்து வாங்கினார். ஆனால் அவருடைய மருத்துவர் அவருக்குச் சீனியை நிறுத்தச் சொன்ன நாளுக்கு முந்தின வியாழன் அது என்பதால், இடையிடையே ஜெபம் சொல்ல வருகிற சாக்கில் அவரும் வந்து ஒரு மக்ரூன் தின்றுவிட்டுப் போனார் என்று தெருவில் பேச்சு.

ஜெர்மானா எல்லாரையும் வாயில் வந்தபடி திட்டினாள், யாரையும் போகச் சொல்லவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் கிழமையைத் தோள்கொடுத்துத் தாங்கிக்கொண்டிருப்பதாக அவளுக்கு ஓர் எண்ணம். ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாள். மேசைமேல் இருக்கிற தம்ளரைத் தொட்டால் கை இருக்காது.

மருமகள் பிலார் போன் பண்ணத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். வீகோ என்ற துறைமுகத்தில் மீன் டப்பா கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். கிளாட்வின் அங்கே கரையேறின நாளொன்றில் அவளைக் கட்டிக்கொண்டான். அவளுக்கு இங்கிலீஷ் வராது, தமிழ் எங்கே வரப்போகிறது. போனில் அழுதாள், ஏதோ சொன்னாள், மறுபடி அழுதாள். என்னதான் சொல்கிறாள் என்று தெரியாமல் ஜெர்மானாவுக்கு மண்டை காய்ந்தது. நேரே தான் படித்த கான்வென்டுக்குப் போனாள். அங்கே, ஸ்பெயினில் உள்ள தாய் மடத்தில் இருபது வருஷம் கழித்துவிட்டு வந்த சிஸ்டர் மெற்றில்டா, பழைய மாணவிகளுக்கு இரக்கம் காட்டுகிற பழக்கம் இல்லாதவர், சாக்பீஸோடு காத்திருந்தார்.

ஸ்பானிஷ் வார்த்தைகள் சீக்கிரம் வந்தன. போர்த்துகீசியர் விட்டுப்போனதில் பாதி வார்த்தை ஏற்கெனவே வீட்டில் இருந்தது. மேசை மேசையாகவே இருந்தது, குசினி கொஞ்சம் மூக்கைச் சுளித்துக்கொண்டு குசினியாகவே இருந்தது, சப்பாத்து சப்பாத்தாகவே காலில் ஏறியது. இடறிய இடம் ஒன்றுதான். நடந்து முடிந்ததைச் சொல்ல ஸ்பெயின்காரர்களிடம் இரண்டு வழி இருந்தன.

"இந்தா பாரு ஜெர்மானா. காலம் இன்னும் முடியலன்னா ஒண்ணு, முடிஞ்சிபோச்சுன்னா ஒண்ணு. இன்னைக்குக் காலைல போனவன், ஆ சலிதோ. போயிருக்கான். இன்னைக்கு இன்னும் முடியலல்லா, அந்தக் கதவு திறந்துதான் இருக்கு. நேத்துப் போனவன், சலியோ. போனான். கதவச் சாத்தியாச்சு. முதல்ல கேலண்டரப் பாரு, பெறவு வாயத் திற."

"எங்க வீட்டுக் கேலண்டர்ல வியாழக்கிழமை சிஸ்டர்."

சிஸ்டர் மெற்றில்டா சாக்பீஸைக் கீழே வைத்தார். அந்த வீட்டில் அவரும் ஒருநாள் மக்ரூன் தின்றிருந்தார்.

"அப்ப உனக்கு ஒரு வழிதான் இருக்கு," என்றார்.

மாமியார் மருமகள் சண்டை மற்ற வீடுகளில் குழம்பில் உப்புக் குறைந்ததில் தொடங்கும். இவர்களுடையது இதில் தொடங்கியது. இப்போது ஜெர்மானாவுக்குப் புரிந்தது: பிலார் கேட்பதெல்லாம் அனுமதி. அவர்கள் ஊர்க் கல்லறையில், கடல் கொண்டுபோனவர்களுக்கென்று வெற்றுக் குழியும் பெயர் வெட்டின கல்லும் வைப்பார்களாம். பெற்ற தாய் சரி என்று சொன்னால்தான் கல்லில் கிளாட்வின் பெயரை வெட்டச் சொல்லுவேன், இறந்தோர் பூசைக்குக் கொடுப்பேன் என்று பிலார் பிடிவாதமாக இருந்தாள். அது மரியாதை என்று ஜெர்மானாவுக்குத் தெரியாமலில்லை. ஆனால் அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும், கொஞ்சம்கூடத் தயங்காமல், சாத்தின கதவில்தான் பேசினாள். சலியோ என்றாள். போனான். என்னிடம் சொன்னான், சிரித்தான், கையசைத்தான். எல்லாம் முடிந்து, கூட்டி, வாரி, வெளியே கொட்டியாயிற்று.

"ஆ சலிதோ," என்று இங்கிருந்து ஜெர்மானா திருத்துவாள். போயிருக்கான்.

"சலியோ, மமா," என்பாள் அங்கிருந்து பிலார், மெதுவாக.

ஜெர்மானா போனை வைத்துவிடுவாள். "கல்நெஞ்சுக்காரி," என்று தொபியாஸிடம் சொல்லுவாள். "வாயில ஒரு 'இருக்கான்' வருதா பாருங்க. புருஷன் போன பெறகு தண்ணி ஊத்திக் கழுவி விட்ட மாதிரி பேசுதா." தொபியாஸ் வெளியே தினமும் வெள்ளியையும் சனியையும் ஞாயிறையும் பார்க்கிறவர். வீட்டுக்கு வரும்போது அவற்றை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

இப்படியே எத்தனை காலம் போயிருக்குமோ. எமில்டாவை அந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

எமில்டா ஜெர்மானாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள், ஒரே பையனுக்குக் கையாட்டி ஒரே சிஸ்டரிடம் அடி வாங்கினவள், அதற்குப் பிறகு நாற்பது வருஷமாக ஜெர்மானாவின் ஒவ்வொரு சேலைக்கும் ஒரு குறை கண்டுபிடித்தவள். வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிவிட்டார்கள், இன்றைக்கோ நாளைக்கோ என்று. அவள் புருஷன் வாஸ், உப்பளத்துக்கு லாரி விடுகிற ஆகிருதியான மனுஷன், சின்னப் பிள்ளையைப் போல விசும்பிக்கொண்டு, கட்டிலோடு அவளைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டார்.

"இன்னைக்கோ நாளைக்கோன்னு சொல்லிட்டாங்க மதினி. உங்க வீட்ல நாளைக்குக் கிடையாதுல்லா."

ஜெர்மானா கட்டிலை வெயில் படாத பக்கம் நகர்த்தினாள்.

எமில்டா சாகவில்லை. வலியும் சாகவில்லை. அந்த வீட்டில் மாவு புளிக்காதது எப்படியோ, பூ வாடாதது எப்படியோ, அப்படியே அவளுடைய வலியும் வந்த இடத்திலேயே நின்றது. ஏறவில்லை, இறங்கவில்லை, மாத்திரைக்கு மசியவில்லை. தெருக்காரர்கள் முதலில் அதிசயம் என்று வந்து ஜெபமாலை சொன்னார்கள். பிறகு அந்த முனகலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கறி தின்ன ஆம்பளைகளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பிள்ளைகள் வீட்டுப் பாடத்தைப் பள்ளிக்கூடத்திலேயே அடி வாங்கி முடித்துக்கொண்டன. மாவுக்காரிகள் மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி வந்து வைத்துவிட்டு, கட்டிலைப் பார்க்காமல் போனார்கள்.

"ஏட்டி ஜெர்மானா," என்றாள் எமில்டா ஒருமுறை, தலையைத் திருப்பாமல். "இந்த வெயில் இருக்க இடத்திலேயே இருக்கே, உனக்குக் கண்ணு கூசலையா?"

"பழகிட்டு."

"தரையப் பாரு, பன்னி கூடப் படுக்காது. சிஸ்டர் பாத்தா முட்டிபோட வப்பா."

"வாய மூடிக்கிட்டுக் கெட. வலிக்குன்னு சொல்லுத, வாய் மட்டும் நல்லா ஓடுது."

"அது ஒண்ணுதான் ஓடுது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை வேணும்ட்டி. பெரிய ஆசையெல்லாம் இல்ல. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை."

ஜெர்மானா வாசலுக்குப் போனாள். வாஸ் வாசல்படிக்குக் குறுக்கே கிடந்தார். பெண்டாட்டியை யாரும் வெளியே தூக்கிப் போய்விடக் கூடாது என்று சாப்பாடும் தூக்கமும் அங்கேயே.

"அண்ணே, எமில்டாவ வெளிய தூக்கிட்டுப் போங்க. அவளால முடியல."

"என்னத் தாண்டித்தான் தூக்கணும்."

"அவ வேதனப்படுதா."

"உயிரோட இருக்கால்லா." வாஸ் எழுந்து உட்கார்ந்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வழி கேட்கிறவரைப் போல நிஜமாகத் தெரியாமல்தான் கேட்டார்: "நீங்க உங்க மவன வச்சிருக்கீங்க மதினி. மேசையில தம்ளர் ஆவி பறக்கக் காவல் காக்கீங்க. நான் என் பொஞ்சாதிய வச்சிக்கிடக் கூடாதா?"

வாய்க்குப் பேர்போன ஜெர்மானா திரும்பி மேசைமேல் ஆவி பறக்கிற தம்ளரைப் பார்த்தாள்.

உள்ளே வந்து, முதன்முறையாக, அவளே பிலாருக்குப் போன் போட்டாள். தனக்குத் தெரிந்த ஸ்பானிஷை ஒட்டுப்போட்டுக் கேட்டாள். ஏன் நீ எப்போதும் முடிந்த மாதிரியே பேசுகிறாய், உனக்கு அவன் அவ்வளவு சீக்கிரம் முடிந்துபோனானா.

அந்தப் பக்கம் கடல் இரைகிற சத்தம் கேட்டது. பிறகு பிலார், ஜெர்மானாவுக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். எங்கள் கரையில் இன்னொரு வழி கிடையாது, மமா. மாட்ரிட்காரர்கள் பேசுவார்கள், புத்தகத்தில் இருக்கும், எங்கள் வாயில் வராது. இப்போது குடித்த காப்பியையும் குடித்தேன் என்றுதான் சொல்லுவோம். வந்த கையோடு, கப்பலில் ஏறி அம்மாவைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அவன் எங்கள் வீட்டுப் படியிறங்கும்போது, பக்கத்து வீட்டுக்காரி அவன் எங்கே என்று கேட்டாள், நான் போனான் என்றேன், அவன் காலடிச் சத்தம் படியில் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கு எல்லாமே அப்படித்தான், கதவைச் சாத்தித்தான் பேசுவோம். சாத்தின கதவுக்கு இந்தப் பக்கம் அவனுடைய சப்பாத்து இருக்கிறது. நான் அதை நகர்த்தவில்லை.

சப்பாத்து என்பதற்கு ஜெர்மானா யாரிடமும் அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

போனை வைத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். கதவுக்குப் பின்னாலிருந்து வாரியலை எடுத்தாள்.

தொபியாஸ் நாற்காலியிலிருந்து எழுந்தார். தடுக்கவில்லை, உட்காரவும் இல்லை.

உள்ளறையிலிருந்து தொடங்கினாள். கிளாட்வின் பெட்டியைக் கட்டின சணல் துணுக்கு, சவரம் பண்ணும்போது உதிர்ந்த முடி, சட்டையிலிருந்து பிய்த்துப் போட்ட விலைச் சீட்டு, மக்ரூன் தூள், எல்லாம் வாரியலுக்கு முன்னால் உருண்டன. ஒவ்வொரு வீச்சுக்கும் சன்னல் வெளிச்சம் ஒரு சாண் நகர்ந்தது, நாற்காலியின் கையிலிருந்து இறங்கியது, தரையைக் கடந்தது, சுவரேறியது, அணைந்தது, மறுபடி வந்தது. எறும்புகள் தூளைப் போய்ச் சேர்ந்து தூக்கிக்கொண்டு போயின. கேலண்டர் தாள்கள் வெள்ளியும் சனியும் ஞாயிறுமாகப் பொலபொலவென்று உதிர்ந்து குப்பையோடு சேர்ந்தன. குசினியில் ஊரார் மாவெல்லாம் ஒன்றாகப் பொங்கி வழிந்தது, மல்லிகை பழுப்பேறிக் கருகியது, பால் திரிந்தது, விளமீன் கூடை தெருமுனை வரைக்கும் நாறியது. அவள் நிமிரவில்லை, யாரோ வாசலில் ஐயையோ என் மாவு என்றதற்கு நிற்கவில்லை, அழவும் இல்லை, மூலையில் குப்பை தங்கினால் சிஸ்டர் அடிப்பார் என்பவளைப் போலக் கட்டிலுக்கு அடியிலும் மேசைக்கு அடியிலும் குனிந்து குனிந்து பெருக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள்.

"வெள்ளிக்கிழமை ஆயிட்டாட்டி?" என்றாள் எமில்டா. குரல் இளகியிருந்தது.

"வெள்ளியெல்லாம் போயாச்சு. இன்னைக்குச் செவ்வா."

"செவ்வாயா." யோசித்தாள். "அந்தோணியார் கிழமை. பரவாயில்ல." பிறகு கண்ணைத் திறந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தக் கலரு உனக்கு எடுக்கலட்டி."

அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. வாஸ் ஓடி வந்து கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தலையை அதில் முட்டினார். ஜெர்மானா வாரியலைக் கீழே போட்டுவிட்டு, எமில்டாவின் கண்களை மூடி, தாடையைத் தன் கைக்குட்டையால் கட்டினாள். வாஸின் தோளில் கைவைத்து, "அண்ணே, வாசல விட்டு எந்திரிச்சிட்டீங்க. அது போதும்," என்றாள். பிறகு மறுபடி வாரியலை எடுத்து, மீதிக் குப்பையை வாசல்படி தாண்டித் தெருவில் தள்ளினாள். வெளியே செவ்வாய்க்கிழமை வெயில், உள்ளேயும் அதே வெயில்.

கோயிலில் எமில்டாவுக்குத் துக்க மணி அடித்துக்கொண்டிருந்தபோது ஜெர்மானா பிலாரைக் கூப்பிட்டாள். கல்லில் பெயர் வெட்டச் சொல், என்றாள். பூசைக்குக் கொடு. தேதி என்ன போட வேண்டும் என்று பிலார் கேட்கவில்லை, மாமியார் சொல்வதற்காகக் காத்திருந்தாள். தாளெல்லாம் உதிர்ந்து வெறுமையாக நின்ற கேலண்டர் அட்டையை ஜெர்மானா பார்த்தாள். பிலாரிடம் பேசும்போது அந்தக் கிழமையை இதுவரை அவள் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, இன்றைக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சலியோ," என்றாள். "எல் ஹுவெவெஸ்." போனான். வியாழக்கிழமை.

"ஸீ, மமா," என்றாள் பிலார்.

ஜெர்மானா போனை வைத்துத் திரும்பியபோது தொபியாஸ் மேசையருகில் நின்றிருந்தார். தம்ளர் அவர் கையில் இருந்தது, காலியாக இருந்தது. மேலுதட்டில் பாலாடை ஒட்டியிருந்தது. திட்டு விழும் என்று தெரிந்து நிற்கிறவரைப் போல நின்றார்.

"சீனி ரொம்ப," என்றார்.

"ஆறுனதுல அப்படித்தான் தெரியும்," என்று ஜெர்மானா தம்ளரை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள்.